வெள்ளைச் சந்து

பதினோராம் பக்கத்தில்
செங்குளவிக்கு இடக்கையில் நாலே விரல்.
ஓவியருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.
கையுறை தைக்கும்போது
நாலா, அஞ்சா என்று இயக்குநரிடம் கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
போனில் பேசிக்கொண்டே
ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

காமிக்ஸில் அவனுக்கு ஊரே கிடையாது.
'மாநகர்' என்று மட்டும் போட்டிருக்கும்,
பின்னால் பெட்டி பெட்டியாகக் கட்டடம்,
சன்னலுக்கு ஒரு புள்ளி.
தொடருக்கு ஊர் வேண்டுமாம்.
செலவு குறையுமென்று மதுரையைக் கொடுத்தார்கள்.
டவுன் ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடி,
தண்ணீர்த் தொட்டி நாலு,
காயும் விரிப்புகள் நாற்பது.
கிழக்கே கோபுரம்,
ஃபிரேமில் வரக்கூடாது, அனுமதி வாங்கவில்லை.

உடை எங்கள் பாடு,
எனக்கும் ஜெயசீலி அக்காவுக்கும்.
சிவப்புத் துணி, நெஞ்சில் கறுப்புக் கோடு மூன்று,
முகமூடியில் கண்ணிருக்கும் இடத்தில் வெள்ளை வலை.
புத்தகத்தில் அவன் கண் சிமிட்டியதே இல்லை.
இங்கே வலைக்குள் வேர்த்துக் கண் எரிகிறதென்று
நாயகன் கேரவனில் படுத்திருக்கிறார்.

தாண்டப்போவது ஒச்சுக்காளை அண்ணன்.
கருமாத்தூர்க்காரர்,
வயது நாற்பத்தொன்று,
முட்டியில் இரண்டு ஆணி.
ஜிப்பு ஏறி முடியும்வரை
மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் படித்த பிரதி சாணித்தாள்.
அச்சில் சிவப்பு எப்போதும் ஒரு நூல் தள்ளி விழும்.
தோளின் கோடு இங்கே இருக்க
தோளின் நிறம் வானத்தில் இருக்கும்.
அது பிழையென்று எனக்குத் தெரியாது.
அத்தனை வேகம் அவன்,
உடம்பை முந்திக்கொண்டு நிறம் ஓடுகிறது
என்று ஏழாம் வகுப்பு வரை நம்பினேன்.

மூன்றாம் கட்டத்தில் விளிம்பில் நிற்பான்.
நான்காம் கட்டத்தில் எதிர்மாடி,
மடங்கிய முழங்கால்,
'தொப்' என்று கொட்டை எழுத்து.
நடுவில் அரை விரற்கடை அகலத்துக்கு
ஒரு வெள்ளைச் சந்து.
அதில் யாரும் எதுவும் வரையவில்லை.
கண்ணை நகர்த்தினால் போதும்,
தாண்டிவிடுவான்.

இந்தச் சந்து பதினாலு அடி.
கீழே எவர்சில்வர் கடைக்கு லோடு இறங்குகிறது,
தண்ணீர் கேன் வண்டிக்காரன்
ஹாரனுக்குப் பதிலாக விசிலடிக்கிறான்,
கொத்துப் பரோட்டாச் சத்தம்,
யாரோ யாரையோ
"வெளங்குவியாடா நீயி" என்கிறார்.
மேலே கிரேன், கம்பி,
கம்பி பிடிக்க ஆறு பேர்.

முதல் டேக்கில் கம்பி நிழல் விழுந்தது.
இரண்டாவதில் புறா.
மூன்றாவதில் எல்லாம் சரி,
முதுகு மட்டும் நாயகன் முதுகு மாதிரி இல்லையாம்.
ஏழு முடிவதற்குள் மணி ஒன்று.
சித்திரை வெயில்.

சாயம் இறங்கத் தொடங்கியது.
கழுத்துப் பட்டையைத் தாண்டி,
காதுக்குப் பின்னால்,
கோட்டுக்கு வெளியே ஒரு நூல் சிவப்பு.
ஈரத்துண்டோடு ஓடியவள்
அப்படியே நின்றுவிட்டேன்.
"தொடைம்மா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற"
என்றது மைக்.
துடைத்தேன்.
மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம்
என்றார்கள்.

எட்டாவதில் தாண்டினார்.
முகமூடிக்குக் கீழே, சந்தின் நடு உச்சியில்,
வாய் எதையோ சொன்னது.
குலசாமி பேராக இருக்கலாம்,
கெட்ட வார்த்தையாகவும் இருக்கலாம்.

டீ வந்தபோது என் பிரதியைப் புரட்டினார்.
"இதுல நான் எந்தப் படம், தங்கச்சி?"
மூன்றாம் கட்டத்தைத் தொட்டேன்,
அது நாளைக்கு நாயகனை வைத்து, க்ளோசப்.
நான்காவதும் அவர்தான்.
விரலை எடுத்து
ஒன்றுமில்லாத இடத்தில் வைத்தேன்.
"எடம் சிறுசாவுல்ல இருக்கு" என்று
அவரும் பெருவிரலை வைத்துப் பார்த்தார்.
எடுத்தபோது
தாள் அங்கே சிவந்திருந்தது.

ஜெயசீலி அக்கா மாடிப்படியிலிருந்து கத்தினாள்:
"உடுப்பக் கழட்டச் சொல்லி அலசிப் போடுடீ,
நாளைக்கும் அந்தாளுதான் தாண்டணும்."